பொண்ணுக்கு எதுக்கு இவ்வளவு சாப்பாடு?

கல்லூரியில் மயங்கி விழுந்த மாணவி. ஹீமோகுளோபின் 8-க்கும் கீழே. குறைந்தது 12 இருக்க வேண்டிய வயது. கூட வந்த தோழி சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: "இவ எப்பவுமே கோழி கொத்துற மாதிரிதான் சாப்பிடுவா." அதைப் பாராட்டாகச் சொல்கிறாள் என்பதுதான் எரிச்சல். அதே வாரத்தில் ஒரு மாணவன். நாளுக்கு நாலு ஸ்கூப் புரோட்டீன் பவுடர், தீராத மலச்சிக்கல். காய்கறி ஏன் தொடுவதில்லை என்றால், "அதெல்லாம் பொண்ணுங்க ஐட்டம்" என்கிறான்.

ஊட்டச்சத்து ஆலோசனைக்கு வரும் மாணவர்களில் இந்த இரண்டு ரகமும் அலுத்துப்போகும் அளவுக்கு வந்தாயிற்று. இருவருக்கும் கோளாறு ஒன்றே. பசிக்குச் சாப்பிடாமல், பார்க்கிறவர்களுக்காகச் சாப்பிடுகிறார்கள்.

செல்போன் வந்துதான் கெட்டது என்று பெற்றோர் புலம்புவார்கள். அப்படியில்லை. 1987-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், தமக்குப் பிடித்த மாதிரியான ஆண் எதிரில் இருந்தபோது கல்லூரிப் பெண்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள். வீட்டை விட்டு வந்து, 'நான் யார்' என்று முதன்முதலாகத் தானே முடிவு செய்யும் வயது இது. துணி, நண்பர்கள், தட்டு மூன்றிலும் அந்த முடிவு தெரியும். அதில் தப்பில்லை. 'பெண்மை' என்றால் அரைத்தட்டு, 'ஆண்மை' என்றால் கறி மலை என்று ஆகும்போதுதான் எங்களிடம் வந்து நிற்கிறார்கள்.

"பெண்களுக்குக் கொஞ்சம் சாப்பிட்டாலே போதும்." இந்த ஒரு பொய்யைப் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்போம். உடல் எடையும் தசையும் குறைவு என்பதால் கலோரி சற்றுக் குறைவாகப் போதும், உண்மைதான். ஆனால் சத்து? 19 முதல் 50 வயது வரை ஆணுக்கு நாளுக்கு 8 மில்லிகிராம் இரும்பு போதும் என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. பெண்ணுக்கு அதே பரிந்துரை 18. இரண்டு மடங்குக்கும் மேல்! மாதவிடாயில் போவதை ஈடுகட்ட வேண்டுமே. சாதாரண கலப்பு உணவில் 1,000 கலோரிக்குச் சுமார் 6 மில்லிகிராம் இரும்புதான் கிடைக்கும். 1,200 கலோரி டயட்டில் இருப்பவளுக்கு 7 மில்லிகிராம் சொச்சம். மீதி 11 எங்கிருந்து வரும்? முதலில் உடம்பின் சேமிப்பிலிருந்து, அதாவது ஃபெரிட்டினிலிருந்து. அது தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். ஆகவே "ஹீமோகுளோபின் நார்மல்தானே" என்று ரிப்போர்ட்டை மடித்து வைக்காதீர்கள். சோர்வும் முடி உதிர்வும் இருந்தால் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து மாதவிடாய். கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கலோரிக்கும் கீழே போனால் ஹார்மோன் சுழற்சி தடுமாறத் தொடங்கலாம். 50 கிலோ மாணவிக்கு அந்த எடை 38 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 38 × 30 = 1,140. உடற்பயிற்சியில் 300 எரித்தால் அதையும் கூட்டி 1,440. இது லட்சியம் இல்லை, அபாயக் கோடு. இணையத்தில் சுற்றும் '1,200 டயட்' எந்தப் பக்கம் நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் "தொல்லை விட்டது" என்று சந்தோஷப்படாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால் எலும்பு தேயும். எலும்பு தன் உச்ச வலிமையை எட்டும் கடைசிச் சில வருடங்கள் இவைதான், திரும்ப வராது.

பசியால் வரும் எரிச்சல், அழுகை, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு இதையெல்லாம் 'பொம்பளை மூடு' என்று கிண்டல் செய்கிறவர்களுக்கு ஒரு தகவல். 1944-45-இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள், அத்தனை பேரும் ஆண்கள், ஓர் ஆய்வுக்காக 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். நாளுக்குச் சராசரியாக 1,600 கலோரிக்கும் சற்றுக் குறைவு. சிடுசிடுத்தார்கள், தட்டை நக்கினார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள்.

இனி பையன்கள். 65 கிலோ எடைக்கு அடிப்படைப் புரதத் தேவை 52 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்தால் கிலோவுக்கு 1.6 கிராம் என்று தாராளமாகவே வைத்தாலும் 104. ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 8, ஒரு கப் வெந்த பருப்பில் 15 கிராமுக்கும் மேல். மூன்று வேளை ஒழுங்காகச் சாப்பிட்டாலே பெரும்பகுதி வந்துவிடும். குறைந்தால் ஒரு ஸ்கூப். அதற்கு மேல் கொட்டுவது தசையாகாது. நார்ச்சத்து இல்லாததால் வயிறுதான் கட்டும். ஜிம் பையன்கள் எடுக்கும் கிரியேட்டின் பவுடர் எடுத்துக்கொண்டிருந்தால் சிறுநீரகப் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் 'கிரியேட்டினின்' சற்று ஏறிக் காட்டி எல்லோரையும் கலவரப்படுத்தும்.

அப்புறம் சோயா. "சோயா சாப்பிட்டா பையனுக்கு மார்பு வளரும்" என்று யார்தான் இதைப் பரப்புகிறார்களோ. அதிலிருப்பது ஐசோஃபிளேவோன் என்ற தாவரப் பொருள், ஈஸ்ட்ரோஜன் அல்ல. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. தினமும் 3 லிட்டர் போலச் சோயாப் பால் குடித்த ஒருவருக்கு மார்பு வீங்கியது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. 3 லிட்டர்! நீங்கள் ஒரு டம்ளர் குடியுங்கள்.

ஆண்களுக்கு உணவுக் கோளாறு வராது என்ற நம்பிக்கைக்கு எங்கள் துறையும் ஒரு காரணம். மாதவிடாய் நிற்பதை 'அனோரெக்சியா'வின் (எடை கூடிவிடும் என்ற பயத்தில் பட்டினி கிடக்கும் கோளாறு) அடையாளங்களில் ஒன்றாக அமெரிக்க மனநலக் கையேடு 2013 வரை வைத்திருந்தது. பையன் எப்படி அதில் அடங்குவான்?

சேர்ந்து தங்கிப் படிக்கும் மாணவர்களிடம் இன்னொரு கூத்து. விடுமுறை நாளில் பையன் ஒரு பிரமாதமான அயிட்டம் செய்து போட்டோ போடுவான். தினசரிச் சமையலும் பாத்திரமும் கூடத் தங்கியிருக்கும் பொண்ணுக்கு. "சமைக்கத் தெரியாது" என்பது பெருமையில்லை தம்பி. வாங்குவது, நறுக்குவது, சமைப்பது, கழுவுவது என்று நாலாகப் பிரித்து வாரம்தோறும் மாற்றுங்கள். கழுவுகிற முறைதான் முதலில் நழுவும், அதை எழுதி ஒட்டுங்கள்.

சைவத்துக்கோ வீகனுக்கோ மாறுவது உங்கள் கொள்கை, வரவேற்கிறேன். வீகன் (பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வருவது எதுவும் வேண்டாம்) என்றால் வைட்டமின் பி12 மாத்திரை கட்டாயம், பேரம் கிடையாது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து விலக்குகிற தோழியை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள், கொள்கைக்குப் பின்னால் உணவுக் கோளாறு ஒளிந்திருக்கலாம்.

இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்காதீர்கள். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பருப்பு, கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொண்டால் அதிலுள்ள இரும்பு நன்றாக ஏறும். அடுத்தவர் தட்டைப் பார்த்து "இவ்வளவா?", "இவ்வளவுதானா?" இரண்டும் வேண்டாம். தயவுசெய்து.

உணவுக் கோளாறோ என்று சந்தேகம் இருந்தால் ஐந்து கேள்வி. வயிறு நிரம்பிய சங்கடத்தில் வேண்டுமென்றே வாந்தி எடுக்கிறீர்களா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கைமீறிப் போனதாகக் கவலையா? மூன்று மாதத்தில் 6 கிலோவுக்கு மேல் குறைந்ததா? மற்றவர்கள் ஒல்லி என்றாலும் குண்டாக இருப்பதாக நம்புகிறீர்களா? சாப்பாட்டு நினைப்பே வாழ்க்கையை ஆள்கிறதா? இரண்டுக்கு 'ஆம்' என்றால் மருத்துவரைப் பாருங்கள். இந்தக் கேள்விகளைப் பெண்களிடம்தான் முதலில் சோதித்தார்கள். தசைப் பித்துப் பிடித்த பையன் இதில் தப்பிவிடுவான். ஒரு நாள் ஜிம் தவறினால் சாப்பிடவே பயப்படுகிறானா என்று அவனிடம் தனியாகக் கேளுங்கள்.

கடைசியாக, விடுதித் தோழர்களுக்கு. பல நாள் கிட்டத்தட்டப் பட்டினியாக இருந்தவரை உட்கார வைத்து வயிறு முட்ட ஊட்டாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சட்டென்று இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். முதலில் மருத்துவமனை, எவ்வளவு, எப்படித் தொடங்குவது என்பதை அங்கே முடிவு செய்யட்டும்.