மாடித் தோட்டத்தில் தானியங்கிப் பாசனம்: நிற்க வேண்டிய நேரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும்

மொட்டை மாடியில் நிழல்வலைக் குடில் போட்டு இருபது பைகளில் தக்காளி, கத்தரி, மிளகாய் வளர்ப்பவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது கவலைப்படுவது ஒன்றைப் பற்றித்தான்: தண்ணீர் யார் ஊற்றுவார்கள்? ஈ.எஸ்.பி.32 என்னும் வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுப் பலகையும் மண்ணின் ஈரப்பத சென்சாரும் ஒரு வால்வும் வாங்கி, தானாகத் தண்ணீர் பாயும் அமைப்பை ஒரே நாளில் செய்துவிடலாம். எது பழுதானாலும் தண்ணீர் தானாக நின்றுவிடும்படி செய்வதற்குத்தான் உழைப்பு வேண்டும். வீட்டில் ஆள் இல்லாத நாளில் வால்வு மூடாமல் போனால் மேல்தொட்டி காலியாகும், பைகளில் நீர் தேங்கி வேர் அழுகும், தளத்தில் கசிவு தொடங்கும். செடி ஒரு நாள் வாடுவது இதைவிடச் சிறிய நட்டம்.

முதலில் தண்ணீரின் அழுத்தம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) என்பது கணக்கு. தொட்டியின் நீர்மட்டம் பைகளைவிட ஒன்றரை மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.15 பார் மட்டுமே. கடையில் மலிவாகக் கிடைக்கும் 12 வோல்ட் பிளாஸ்டிக் சோலினாய்டு வால்வுகள் (மின்சாரத்தால் திறந்து மூடுபவை) பலவற்றில் குறைந்தபட்ச அழுத்தம் 0.02 எம்.பி.ஏ., அதாவது 0.2 பார் என்று போட்டிருக்கும். அதற்குக் கீழே அவை சரியாகத் திறக்காது. திறந்தாலும், மூடும்போது உள்ளே உள்ள ரப்பர் சவ்வு இறுக்கமாக உட்காராமல் கசியும். இதை வால்வின் பழுது என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் அதிகம். பைகளில் நீரைச் சொட்டவிடும் டிரிப்பரிலும் இதே சிக்கல்தான். மணிக்கு 4 லிட்டர் என்பது பொதுவாக ஒரு பார் அழுத்தத்தில் கிடைக்கும் அளவு. அழுத்தத்தைச் சரிசெய்துகொள்ளாத சாதாரண டிரிப்பர் 0.15 பாரில் ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் கொடுக்கும். ஒரு டிரிப்பரின் கீழே பாட்டிலை வைத்து, 15 நிமிடத்தில் சேரும் நீரை அளந்து நான்கால் பெருக்கினால் உண்மை அளவு தெரிந்துவிடும்.

எங்கள் பரிந்துரை, தொட்டிக் குழாயோடு நேரடியாக இணைக்காமல் 50 லிட்டர் டிரம்மும் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பும் வைப்பது. அப்போது என்ன பழுதானாலும் வெளியேறக்கூடிய தண்ணீர் 50 லிட்டரைத் தாண்டாது. மென்பொருள் செய்யும் எந்தப் பாதுகாப்பையும்விட இது உறுதியானது. டிரம் மட்டும் பைகளைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். மேலே வைத்தால் பம்பு நின்ற பிறகும் அதன் வழியே நீர் தானாக இறங்கிக்கொண்டிருக்கும். பம்பு தரும் அளவைவிட டிரிப்பர்கள் வாங்கும் அளவு குறைவென்றால், பம்பிலுள்ள அழுத்த ஸ்விட்ச் அதை நிறுத்தி நிறுத்தி ஓட்டும்; மிச்ச நீரை டிரம்முக்கே திருப்பும் ஒரு சிறு குழாய் போட்டால் சரியாகிவிடும். 120 மெஷ் வடிகட்டி கட்டாயம். டிரம் காலியானால் பம்பு வெறுமனே ஓடாமலிருக்க ஒரு மிதவை ஸ்விட்ச்சும் வேண்டும்.

சென்சாரில் இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் மின்தடை வகையை வாங்காதீர்கள். ஈர மண்ணில் மின்சாரம் பாய்ந்து சில வாரங்களில் முனை அரித்துவிடும். மண்ணோடு உலோகம் படாமல் அளக்கும் கெப்பாசிட்டிவ் வகை நீடிக்கும், ஆனால் அதன் பலகையின் ஓரங்கள் பூச்சில்லாமல் இருக்கும், அந்த வழியே நீர் ஊறும். ஓரங்களுக்கு நெயில் பாலிஷ் இரண்டு முறை பூசிக் காயவிட்டு, மேலே உள்ள சில்லுகளை எப்பாக்சியால் மூடிவிடுங்கள். அளவீடு செய்யும்போது காற்றிலும் தண்ணீர்க் குவளையிலும் வைத்துப் பார்த்தால் போதாது. நீங்கள் பயன்படுத்தும் அதே தென்னை நார்க்கழிவு, மண்புழு உரக் கலவையை நன்றாகக் காயவைத்து ஒரு எண், முழுக்க நனைத்து ஒரு மணி நேரம் வடியவிட்டு ஒரு எண் எடுங்கள். கலவை மாறினால் எண்ணும் மாறும்.

ஈ.எஸ்.பி.32-இல் சென்சாரை 32 முதல் 39 வரையுள்ள பின்களில் கொடுங்கள். ஏ.டி.சி.2 எனப்படும் மற்ற அளவீட்டுப் பின்களில் கொடுத்தால் வைஃபை ஓடும்போது அளவு வராது. பம்புக்கு 25, 26, 27 நல்லவை. 0, 2, 12, 15 பலகை தொடங்கும் விதத்தைத் தீர்மானிப்பவை என்பதால் தவிர்க்கலாம். பம்பை இயக்கும் ரிலேக்களில் பல, பின்னின் வோல்ட்டேஜ் தாழ்ந்தால் இயங்குபவை. பலகை மீண்டும் தொடங்கும் கணத்தில் பம்பு ஒருமுறை ஓடிவிடும். 3.3 வோல்ட்டிலேயே முழுமையாகத் திறக்கும் மாஸ்ஃபெட் என்னும் மின்னணு ஸ்விட்ச்சைப் போட்டு, அதன் கேட் என்னும் கட்டுப்பாட்டு முனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் மின்தடை வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. பம்பின் இரு முனைகளுக்குக் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு டயோடு மறக்கக்கூடாது. 230 வோல்ட் மோட்டாரை இந்தப் பலகைகளோடு நீங்களாக இணைக்க வேண்டாம். ஈரமான மாடி அது. காண்டாக்டர் என்னும் பெரிய ரிலேயும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்டு எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

நிரலில் "காய்ந்தால் திற, நனைந்தால் மூடு" என்று மட்டும் எழுதினால் தவறாகும். சொட்டும் நீர் சென்சார் இருக்கும் ஆழத்துக்கு இறங்க நேரமாகும். அதற்குள் பை நிரம்பி வழியும். மூன்று நிமிடம் விட்டு, இருபது நிமிடம் காத்திருந்து, மறுபடி அளந்து பார்க்கச் செய்யுங்கள். அளவீட்டில் எடுத்த காய்ந்த எண்ணை 0, நனைந்த எண்ணை 100 சதவீதமாகக் கொண்டு, தொடங்கும் அளவு 35 சதவீதம், நிறுத்தும் அளவு 60 சதவீதம் என இடைவெளி வையுங்கள். ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை நிமிடம் என்று உச்சவரம்பு வையுங்கள்; அன்று ஓடிய நிமிடங்களைக் கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில் சேமித்து வைத்தால்தான் கரண்ட் போய் வந்த பிறகும் கணக்கு தொடரும். அளவீட்டில் கிடைத்த இரு எண்களுக்கும் வெகுதூரம் வெளியே ஒரு எண் வந்தால், அது வறட்சி அல்ல, கழன்ற வயர். அப்போது பாய்ச்சாமல் எச்சரிக்கை மட்டும் அனுப்பட்டும்.

முடிவெடுக்கும் வேலை முழுவதும் பலகைக்குள்ளேயே இருக்கட்டும். செல்போன் செயலி பார்ப்பதற்கு மட்டும். இணையம் இல்லாமல் பலகை தொடங்கினால் அதற்கு மணி தெரியாது, ஆகவே டி.எஸ்.3231 கடிகாரம் ஒன்று சேருங்கள். அந்தத் தொகுதிகள் பலவற்றில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சுற்று இருக்கும், சார்ஜ் செய்யக்கூடாத சாதாரண சி.ஆர்.2032 பேட்டரி போடுவதென்றால் அந்தச் சுற்றின் மின்தடையை எடுத்துவிட வேண்டும்.

பனிப்புகை தெளிக்கும் ஃபாகரையும் தானியங்கியாக்க ஆசைப்படுவோர், காற்றின் ஈரப்பதத்தையும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊரில் ஈரப்பதம் ஏற்கெனவே 75 சதவீதம் இருக்கும் நாளில் தெளித்தால் வெப்பம் பெரிதாகக் குறையாது. இலையில் பூஞ்சைதான் வரும்.

பலகையை வைக்கும் பெட்டி தூசியும் நீரும் புகாத ஐ.பி.65 தரத்தில், வெள்ளை நிறத்தில், நிழலில் இருக்கட்டும். வயர் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும், துளையை கிளாண்டால் (வயரை இறுக்கிப் பிடிக்கும் மூடி) அடைக்க வேண்டும். இல்லையென்றால் எறும்பும் பல்லியும் குடிவரும்.

ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். பம்பு ஓடும்போது சென்சார் வயரைப் பிடுங்குங்கள். வைஃபையை அணையுங்கள். மெயின் ஸ்விட்ச்சைப் போட்டுப் போட்டு எடுங்கள். டிரம்மைக் காலியாக்குங்கள். நான்கிலும் பம்பு நின்றதா, தேவையில்லாமல் ஓடாமல் இருந்ததா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள்.