மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்தாலும் நாள் திரும்பி வராது

ஹால் டிக்கெட் வாரம் வந்தால் துறை வராந்தாவில் அப்பாக்கள் வந்து நிற்கிறார்கள். களக்காட்டிலிருந்தும் முக்கூடலிலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். கையில் நாலாக மடித்த சர்டிபிகேட். "ஐயா, இத வச்சு பையன பரீட்சை எழுத விடுங்க." இந்த செமஸ்டரிலும் இதே கதை.

அந்தக் காகிதம் வருகைப் பதிவேட்டில் அரை நாளைக்கூடக் கூட்டாது. வராத நாள் வராத நாள்தான். பரீட்சை எழுத 75 சதவீத வருகை வேண்டும். 65க்கும் 75 சதவீதத்துக்கும் நடுவில் இருப்பவர் பணம் கட்டி கண்டோனேஷன், அதாவது வருகைக் குறைவுக்கு விலக்கு, கேட்கும்போது காரணத்துக்கு ஆதாரமாக நிற்கும், அவ்வளவுதான். 65க்குக் கீழே இறங்கியவருக்குப் பொதுவாக அந்த செமஸ்டர் தேர்வு கிடையாது, பத்து சர்டிபிகேட் இருந்தாலும். "நீங்க நினைச்சா நாள் போட்டுறலாமே" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அது பொய்ப் பதிவு.

அடுத்தது, 25 சதவீதம் லீவு போடலாம் என்ற கணக்கு. அபிஷேகப்பட்டி பல்கலைக்கழக வளாகமானாலும் பாளையங்கோட்டைக் கல்லூரிகளானாலும் 90 வேலை நாளுக்கு 68 நாள் வந்தாக வேண்டும். மீதி 22 நாள் காய்ச்சலுக்கும் வீட்டுத் துக்கத்துக்கும் வைத்திருக்க வேண்டிய இருப்பு. அதை மொத்தமாக யாரும் தொலைப்பதில்லை. காலை பஸ்ஸை விட்டால் முதல் பீரியட் போகும். பல கல்லூரிகளில் அதோடு முற்பகல் முழுக்க ஆப்சென்ட். வாரம் இரண்டு தடவை இப்படி ஆனால் 18 வாரத்தில் 18 நாள் காலி. மிச்சம் நான்கு. ஊரில் அம்மன் கொடைக்கு மூன்று நாள் போனால் பையன் விளிம்பில் நிற்கிறான்.

பந்தி பரிமாறப் போகும் பிள்ளைகளைத் திட்ட மனம் வரவில்லை. செமஸ்டர் ஃபீஸையே அதில் கட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் ரிசப்ஷன் முடித்து விடியக்காலம் படுத்தவன் முதல் பீரியடுக்கு எழுந்திருக்க மாட்டான். மறுநாள் வகுப்பில்லாத இரவாகப் பார்த்து ஒத்துக்கொள்ளுங்கள் ராசா.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அரை நாளையும் விடாமல் எழுதுங்கள். மாதம் ஒரு முறை டியூட்டரிடம் (வகுப்புப் பொறுப்பாசிரியர்) சரிபாருங்கள். பத்து நாள் போய்விட்டதா, உடனே வந்து பேசுங்கள். கடைசி வாரத்தில் வந்தால் எங்கள் கையில் ஒன்றும் இல்லை. என்.சி.சி., விளையாட்டு என்று கல்லூரி சார்பில் போனதற்கான ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தை அந்த வாரமே கொடுத்துவிட வேண்டும். காய்ச்சல் என்றால் அன்றைக்கே தகவல் சொல்லுங்கள், திரும்பி வரும் நாளில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வாருங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. வருகை குறைந்தால் மெசேஜ் அனுப்புகிறோம். அட்மிஷன் படிவத்தில் அப்பா நம்பர் என்று பையன் தன் நம்பரையே எழுதியிருந்தால் அது அவனுக்குத்தான் போகும். நாளைக்கே ஆபீஸுக்கு வந்து உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.