பாட்டுக்கு ஏது காப்புரிமை?

திரைப்பாடல் ஒன்றைப் பற்றி வழக்கு எழுந்தால் போதும், மறுநாளே நாளிதழ்களிலும் செய்தித் தொலைக்காட்சிகளிலும் ‘காப்புரிமை’ என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2017-இல் அமெரிக்க மேடைக் கச்சேரிகள் தொடர்பாக இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பாலசுப்ரமணியம் தரப்புக்கு வழக்கறிஞர் அறிவிப்பு போனபோதும் பெரும்பாலான தமிழ்ச் செய்திகளில் இச்சொல்லே ஓங்கி ஒலித்தது. இசைச் செயலிகளும் காணொளித் தளங்களும் இப்போது தமிழிலேயே அறிவிப்பு அனுப்புகின்றன. அவற்றிலும் இதே சொல்தான். உறவுக்காரப் பெண் ஒருத்தி வீட்டில் தம்புரா மீட்டிப் பாடிய தியாகராஜர் கீர்த்தனையைக் காணொளித் தளம் ஒன்றில் ஏற்றியபோது, ‘உங்கள் காணொளியில் காப்புரிமை பெற்ற உள்ளடக்கம் கண்டறியப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தது. தியாகராஜர் மறைந்தது 1847-இல். அவருடைய கீர்த்தனை எவருடைய சொத்தும் அன்று என்பது ஒருபுறம் இருக்க, அந்த வரியில் ‘காப்பிரைட்’டுக்குக் காப்புரிமை என்று எழுதியதே தவறு.

ஆங்கிலக் ‘காப்பிரைட்’டின் முற்பகுதி, மிகுதி என்று பொருள்படும் ‘கோப்பியா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இடைக்காலத்தில் அது படியெடுத்த ஏட்டைக் குறித்தது. இலண்டன் அச்சகத்தார் வழக்கில் அச்சுக்கு வைத்த மூலப்படியைக் குறித்தது. அந்த மூலப்படியை அச்சிடும் உரிமை யாருக்கு என்பதில் தொடங்கிய பூசலுக்கு 1710-இல் ஆன் அரசியார் காலச் சட்டம் ஒரு முடிவு கட்டியது. புதிய நூல்களுக்குப் பதினான்கு ஆண்டு, ஆசிரியர் உயிருடன் இருந்தால் மேலும் பதினான்கு ஆண்டு என்பது அன்றைய கணக்கு. இந்தியாவில் இன்று நடப்பில் உள்ளது 1957-ஆம் ஆண்டுச் சட்டம். ‘காப்பிரைட்’டுக்குத் தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல் பதிப்புரிமை.

காப்புரிமை என்பது ‘பேட்டன்ட்’டுக்கு உரிய சொல். புதிய கருவியையோ மருந்தையோ செய்முறையையோ கண்டுபிடித்தவர் அரசிடம் விண்ணப்பித்து, ஆய்வுக்கு உட்பட்டு, கட்டணம் கட்டிப் பெறுகிற உரிமை அது. விண்ணப்ப நாளிலிருந்து இருபது ஆண்டுகளில் முடிந்துவிடும். அதற்கு 1970-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உண்டு, சென்னை கிண்டியில் அலுவலகமும் உண்டு. பேட்டன்ட் என்பதன் மூலப்பொருள் ‘திறந்திருப்பது’ என்பதாகும். எவரும் படிக்கும்படி திறந்த மடலாக அரசர் வழங்கிய சாசனம் அது. திறந்த மடலுக்குக் காப்பு என்று பெயர் வைத்தது பொருத்தமா என்று கேட்டால் எனக்கும் தயக்கம் உண்டுதான். ஆனாலும் அறிவியல் நூல்களிலும் பாடநூல்களிலும் அது ஊன்றிவிட்டது. ஊன்றிய சொல்லை அதன் இடத்தில் விட்டுவைப்பதே நல்லது.

பிறகு ஏன் அது பாட்டுக்குள் புகுந்தது? என் ஐயம் இது: ‘காப்பிரைட்’ என்று காதில் விழுந்ததும் ‘காப்பு’ என்று கை எழுதிவிடுகிறது. காப்பி, காப்பு, ரைட், உரிமை என்று ஒலியும் பொருளும் அடுத்தடுத்து விழுவதால், மொழிபெயர்ப்பவருக்குத் தாம் சரியாகச் செய்துவிட்டோம் என்ற நிறைவு கிடைக்கிறது. காப்பிக்கும் காப்புக்கும் எந்த உறவும் இல்லை. நாம் குடிக்கும் காப்பிக்கு உள்ள உறவுகூடக் கிடையாது.

படைப்பைக் காப்பதுதானே இந்த உரிமை, ஆகவே காப்புரிமை என்றால் என்ன குறை என்று இச்சொல்லுக்காக வாதாடுவோர் கேட்கிறார்கள். காப்பது இந்த உரிமை மட்டும்தானா? வணிகச் சின்னச் சட்டமும் காக்கிறது, நுகர்வோர் சட்டமும் காக்கிறது, வாடகைக்குக் குடியிருப்பவரைக்கூட ஒரு சட்டம் காக்கிறது. எதற்கும் பொருந்துகிற சொல் எதையும் பிரித்துக் காட்டாது. கலைச்சொல்லின் முதல் வேலையோ பிரித்துக் காட்டுவது. வழக்கில் வந்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்பது அடுத்த வாதம். வழக்கில் வந்தது உண்மை. ஆனால் அதே வழக்கில் பேட்டன்டுக்கும் அச்சொல்லே இருக்கிறது. மருந்து நிறுவனத்தின் பேட்டன்டும் பாடலாசிரியரின் காப்பிரைட்டும் ஒரே செய்தித்தாளின் ஒரே பக்கத்தில் ஒரே பெயரில் வரும்போது, படிப்பவர் எப்படிப் பிரித்தறிவார்? ‘அறிவுசார் சொத்துரிமை’ என்ற பொதுப்பெயர் தமிழ்நாட்டிலும், ‘புலமைச்சொத்து’ என்ற பொதுப்பெயர் இலங்கையிலும் ஏற்கெனவே உள்ளன. பொதுவாகச் சொல்ல விரும்புவோர் அவற்றைச் சொல்லலாம்.

சொல் மயங்கினால் பொருளும் மயங்கும் என்பதற்குச் சான்று வேண்டுமானால் மேலே சொன்ன அறிவிப்பில் உள்ள ‘பெற்ற’ என்ற எச்சத்தைப் பாருங்கள். பேட்டன்டைத்தான் ஒருவர் பெற வேண்டும். கவிதையை எழுதிய கணத்திலேயே அதன் பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்துகொள்வது விருப்பம், கட்டாயம் அன்று. ‘அவர் அந்தப் பாட்டுக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருக்கிறாரா?’ என்று தேநீர்க் கடையில் மட்டுமல்ல, தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்கிறார்கள். அக்கேள்வியைப் பிறப்பித்ததே இந்தச் சொல்தான். வாங்கவில்லை என்றால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு அடுத்த நொடியே போய்விடுகிறார்கள். சிற்றூர்க் கவிஞர் எழுதிய பாட்டைக் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்துவோருக்கும் அதுவே சாக்காகிறது.

காலக்கணக்கும் இதே போல் குழம்புகிறது. ஒரு திரைப்பாடலில் சட்டத்தின் பார்வையில் சொற்கள் ஒரு படைப்பு, மெட்டு ஒரு படைப்பு, ஒலிப்பதிவு மற்றொரு படைப்பு. மூன்றும் தனித்தனியே முதிர்கின்றன. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி விசுவநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த ஒரு பாடலை எடுத்துக்கொள்வோம். கவிஞர் 1959-இல் மறைந்தார்; மறைவுக்குப் பின் அறுபது ஆண்டு என்ற கணக்கில் சொற்களின் உரிமைக்காலம் 2019-உடன் முடிந்தது. மெட்டமைத்த இருவரில் பின்னர் மறைந்தவர் எம்.எஸ்.விசுவநாதன், 2015-இல், ஆகவே மெட்டு 2075 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டது. ஒலிப்பதிவுக்கு வெளிவந்த ஆண்டை அடுத்து அறுபது ஆண்டு என்பதால் அது எப்போதோ விடுபட்டுவிட்டது. அப்பாடலின் வரிகளை நீங்கள் அச்சிடலாம்; மெட்டோடு மேடையில் பாடுவதற்கு இசைவு தேவைப்படலாம். விண்ணப்பித்துப் பெற்று இருபது ஆண்டில் தீர்கிற உரிமையின் பெயரால் இதை யாருக்கு விளக்க முடியும்?

இனி, பதிப்புரிமைக்கு எதிராகச் சொல்லப்படுவது. அது புத்தகத்துக்கு மட்டுமே பொருந்தும், இசைக்கும் படத்துக்கும் மென்பொருளுக்கும் ஒட்டாது என்கிறார்கள். பதிப்பு என்றதும் உ.வே.சாமிநாதையரும் அச்சுக்கூடமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் வேரைப் பாருங்கள். பதிதல் தன்வினை, பதித்தல் பிறவினை. ஒன்றிலிருந்து பதிவு, மற்றொன்றிலிருந்து பதிப்பு. பாட்டைத் தட்டில் ஏற்றுவதற்கு ஒலிப்பதிவு என்றும் கச்சேரியைப் படமெடுப்பதற்கு ஒளிப்பதிவு என்றும் ஐயமின்றிச் சொல்கிற நாம், அவற்றின் உரிமைக்குப் பதிப்புரிமை என்று சொல்லும்போது மட்டும் ஏன் புத்தக அலமாரிக்குள் போய் நின்றுகொள்ள வேண்டும்? மேடையில் பாடுவது பதிப்பு ஆகாதே என்று நுணுக்கமாகக் கேட்பவர்க்கு, ஆங்கிலச் சொல்லும் படியெடுப்பதை மட்டுமே சொல்கிறது, நிகழ்த்துவதையும் தழுவி எழுதுவதையும் மொழிபெயர்ப்பதையும் சட்டம்தான் அதற்குள் அடக்கியது என்பதே விடை.

‘நகலுரிமை’ என்றொரு சொல்லும் உலவுகிறது. பகுதி பகுதியாகப் பெயர்த்த சொல். நகல் அரபு வழியாக வந்ததென்பது எனக்குப் பெரிய குறை அன்று. அசலுக்கு எதிர் என்று போலியின் வாடை அதில் ஒட்டியிருப்பதும், நகலெடுத்துக்கொள்ள நமக்குள்ள உரிமை என்று பொருள் தலைகீழாவதுமே குறை. ‘படைப்புரிமை’ அழகான சொல். அதன் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் ஒலிப்பதிவின் ஆசிரியர் என்று சட்டம் கொள்வது அதற்குப் பணம் போட்ட தயாரிப்பாளரை. ஒரு வரிகூட எழுதாத, ஒரு சுரம்கூடப் போடாத நிறுவனத்திடம் ‘படைப்புரிமை’ இருக்கிறது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இசைச் செயலிகளின் தமிழில் இன்னொரு மயக்கம் உரிமைக்கும் உரிமத்துக்கும் இடையே நேர்வது. சந்தா கட்டிக் கேட்டுவந்த பாடல் ஒருநாள் மங்கிப்போய், தட்டினால் ‘காப்புரிமைக் காரணங்களால் இப்பாடல் கிடைக்கவில்லை’ என்கிறது. உரிமைக்கு எதுவும் நேரவில்லை. அது இருந்தவரிடமே இருக்கிறது. தீர்ந்துபோனது, அவரிடமிருந்து செயலி குறித்த காலத்துக்கு வாங்கியிருந்த உரிமம். 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபையிலிருந்து ஜீ மியூசிக் பாடல்கள் நீங்கியது இப்படித்தான். இரு நிறுவனங்களுக்கும் இடையே உரிம உடன்பாடு எட்டவில்லை. சந்தாதாரரிடம் இருப்பதும் உரிமமே. ‘உரிமம் முடிந்தது’ என்று நேராக எழுதினால், தாம் எதையும் வாங்கவில்லை, வாடகைக்கே கேட்டுக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு அப்போதே விளங்கிவிடும். அதனால்தான் அப்படி எழுதுவதில்லையோ என்னவோ.

அதே செயலியின் அமைப்புப் பக்கத்தில் ‘தனியுரிமை’ என்று இருக்கும். அந்தரங்கம் என்று பொருள். மென்பொருள் கட்டுரைகளிலோ, மூலநிரலை எவரிடமும் காட்டாமல் நிறுவனம் தன் கையில் வைத்திருக்கும் மென்பொருளுக்குத் ‘தனியுரிமை மென்பொருள்’ என்று பெயர். முதலாவது என்னைப் பற்றிய செய்தியை நிறுவனத்திடமிருந்து மறைக்க எனக்குள்ள உரிமை. இரண்டாவது தன் நிரலை என்னிடமிருந்து மறைக்க நிறுவனத்துக்கு உள்ள உரிமை. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கிற மொழிபெயர்ப்பாளரிடம் காப்புரிமைக்கும் பதிப்புரிமைக்கும் வேறுபாடு எதிர்பார்ப்பது சற்று மிகைதான். நல்ல பழஞ்சொல்லான அந்தரங்கத்தை ஏன் கைவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. வடசொல் என்பதற்காக என்றால், அந்த விலைக்கு வாங்கிய தூய்மை எனக்கு வேண்டாம்.

கீர்த்தனைக்கு வந்த அறிவிப்பை இப்படி எழுதியிருக்கலாம்: ‘உங்கள் காணொளியில் உள்ள ஒலி, தமக்குப் பதிப்புரிமை உள்ள ஓர் ஒலிப்பதிவோடு ஒத்திருப்பதாக ஒரு நிறுவனம் கோருகிறது.’ கீர்த்தனை பொதுச்சொத்து, பாடகர் ஒருவரின் ஒலிப்பதிவு மட்டுமே தனிச்சொத்து என்ற வேறுபாடு இதில் வந்துவிடுகிறது. ‘கண்டறியப்பட்டுள்ளது’ என்ற தீர்ப்பு மொழி நீங்கி, ‘கோருகிறது’ என்று வருவதால், கோரிக்கையை மறுத்து எழுதவும் இடமுண்டு என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். தெரியாததால் அவள் காணொளியையே நீக்கிவிட்டாள்.