கண்ணில் மஞ்சள் இறங்கினால் கல்லீரல் தேறிவிட்டதா?

கீழாநெல்லியை அடையாளம் காண இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் வயல் வரப்பில் முளைக்கும் நூறு செடிகளில் ஒன்று போலத்தான் இருக்கும். காம்பைப் புரட்டினால், அடியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைக் காய்கள் வரிசையாகக் கோத்தது போல ஒட்டிக்கொண்டிருக்கும். இலைக்குக் கீழே நெல்லி. பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது எனக்குக் காமாலை வந்தது. பாட்டி விடியற்காலையில் வாய்க்கால் கரைக்குப் போய் இந்தச் செடியை வேரோடு பிடுங்கி வருவார். அலசி, அம்மியில் வைத்து விழுதாக அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு எடுத்து மோரில் கலக்கிக் கொடுப்பார். வெறும் வயிற்றில் அந்தக் கசப்பு இறங்குவது இன்றும் நாக்கில் இருக்கிறது. அப்புறம் வாசலுக்குக் கூட்டிப்போய், வெயிலில் நிறுத்தி, கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பார். இரண்டு வாரத்தில் மஞ்சள் குறைந்தது. ஒரு மாதத்தில் பள்ளிக்கூடம் போனேன். கீழாநெல்லி என்னைக் குணப்படுத்தியது என்று எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கும் இருக்கவில்லை.

அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ரத்தத்தில் ஓடும் ஒவ்வொரு சிவப்பணுவுக்கும் ஆயுள் சுமார் 120 நாள். ஆயுள் முடிந்த அணு உடைக்கப்படும்போது அதன் சிவப்புப் பொருள் சிதைந்து பிலிருபின் என்ற மஞ்சள் நிறக் கழிவாக மாறுகிறது. இது தண்ணீரில் கரையாது. அதனால் கல்லீரல் அதை உள்ளே இழுத்து, குளுகுரோனிக் அமிலம் என்ற சர்க்கரை வகைப் பொருளை அதனுடன் ஒட்டிக் கரையும்படி ஆக்கி, பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்பிவிடுகிறது. மலத்தின் பழுப்பு நிறம் இதிலிருந்து உண்டாவதுதான்.

கல்லீரல் அணுக்கள் வீங்கிப் போனால் இந்த வேலை தடைபடும். குடலுக்குப் போக வேண்டிய பிலிருபின் ரத்தத்தில் திரும்பிக் கசியும். கண்ணின் வெள்ளை மஞ்சளாகும், சிறுநீர் பால் சேர்க்காத டீ போல இருளும், மலம் வெளுக்கும். சிறுநீரில் சோற்றுப் பருக்கையைப் போட்டு நிறம் ஏறுகிறதா என்று ஊரில் பார்ப்பார்களே, அவர்கள் தேடுவதும் இந்தச் சாயத்தைத்தான்.

ஆக, காமாலை என்பது ஓர் அறிகுறியின் பெயர். அதன் பின்னால் ஹெபடைடிஸ் எனும் கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் வைரஸ்களில் ஏ இருக்கலாம், பி, சி, ஈ இருக்கலாம், சாராயம் இருக்கலாம், பித்தப்பைக் கல் பித்தக்குழாயை அடைத்திருக்கலாம், ஏதோ ஒரு மாத்திரையும் இருக்கலாம். தமிழில் இவை அனைத்துக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டோம். ஒரே மருந்தையும் வைத்துவிட்டோம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நம் ஊரில் வரும் காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ. அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் பரவும் வைரஸ். உடலின் எதிர்ப்பாற்றல் சில வாரங்களில் அதை முழுக்கத் துடைத்துவிடும். சேதமான கல்லீரலும் மீண்டும் வளர்ந்துகொள்ளும். அப்படி வளரும் ஆற்றல் மற்ற உறுப்புகளுக்கு இந்த அளவுக்குக் கிடையாது. இந்தக் கிருமி உடலில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. அரிதாகச் சிலருக்குக் கல்லீரல் செயலிழக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் மிகப் பெரும்பாலானோருக்குக் கீழாநெல்லி குடித்தாலும் தேறும், குடிக்காவிட்டாலும் தேறும். என் கல்லீரல் அந்த ஒரு மாதத்தில் தானே செய்துகொண்ட வேலைக்குப் பெயர் செடிக்குப் போனது.

ஹெபடைடிஸ் பி அப்படிப்பட்டதல்ல. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் 95 பேருக்கு மேல் தானாக விடுபட்டுவிடுவார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினால் நிலைமை தலைகீழ்: பத்தில் ஒன்பது குழந்தைகளின் உடலில் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். வைரஸ் தன் மரபுப்பொருளை ஒரு சிறிய வளையமாக்கிக் கல்லீரல் அணுவின் கருவுக்குள் போய் வைத்துவிடுகிறது. அங்கிருந்து ஆண்டுக்கணக்கில் புதுப்புது வைரஸ்களை அச்சடிக்கலாம். இவ்வளவு நடந்தும் கண் மஞ்சளாகாது, பசி குறையாது. இருபது முப்பது ஆண்டு கழித்துக் கல்லீரல் சுருங்கிய பின்போ, புற்றுநோய் வந்த பின்போதான் வெளியே தெரியும். பாட்டியின் வெயில் பரிசோதனையில் இது பிடிபடவே படாது.

கீழாநெல்லியை அறிவியல் உலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்று பலர் கோபப்படுகிறார்கள். உண்மையில் அது பார்த்தது, மிகுந்த ஆசையோடு பார்த்தது. பார்த்தவர் சாதாரண ஆளும் இல்லை. பரூக் புளும்பெர்க், ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஒருவரின் ரத்தத்தில் ஒரு விசித்திரப் புரதத்தைக் கண்டு 1965-இல் அறிவித்தவர். அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் என்று பின்னர் தெரிந்தது. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு. இன்று ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'எச்பிஎஸ்ஏஜி' என்று எழுதித் தருகிறார்களே, அது இந்தப் புரதம்தான்.

சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜன் கீழாநெல்லியையும் கரிசலாங்கண்ணியையும் எடுத்து, அந்தப் புரதத்தை அவை செயலிழக்கச் செய்கின்றனவா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். புளும்பெர்க்கும் இதில் சேர்ந்தார். 1987-இல் அமெரிக்காவில் வுட்சக் என்ற கொறிவிலங்கின் கல்லீரல் வைரஸ் மீது இதே குடும்பத்துச் செடிச் சாற்றைச் சோதித்தார்கள். 1988-இல் சென்னை ஆய்வு 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. வைரஸைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்திருந்தார்கள். 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து அந்தப் புரதம் மறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்து எடுத்துக்கொண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது.

22-க்கு 1! வாய்க்கால் கரைச் செடி ஒரு நோபல் அறிஞரின் கையில் இந்த எண்ணிக்கையைக் கொடுத்திருக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் கழித்து முதன்முதலாகப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அது முதல்கட்ட ஆய்வு என்றும், மேலும் சோதிக்க வேண்டும் என்றும் அவர்களே எழுதியிருந்தார்கள்.

சோதித்தார்கள். 1990-இல் தாய்லாந்தில் செய்த ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 1994-இல் நியூசிலாந்திலும் கிடைக்கவில்லை. பிறகு பல நாட்டு ஆய்வுகளையும் ஒன்றாக வைத்து அலசிய காக்ரேன் குழு, 2011-இல், வெற்று மருந்தைவிட இந்தச் செடி நோயாளிக்கு நன்மை செய்கிறது என்று நம்பத்தகுந்த சான்று இல்லை என்று முடித்தது. முதல் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் சிலரே. அப்படிப்பட்ட சிறிய ஆய்வில் யார் பாதியில் நின்றுபோனார்கள், யார் கடைசிவரை வந்தார்கள் என்பது போன்ற விஷயங்கள்கூட முடிவை வெகுதூரம் இழுத்துவிடும். செடியில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கண்ணாடிக் குழாயில் அது வேலை செய்வது உண்மை. குழாயில் இருக்கும் புரதத்தை மடக்குவது வேறு. குடலைக் கடந்து, ரத்தத்தில் கரைந்து, கல்லீரல் அணுவின் கருவுக்குள் பதுங்கியிருக்கும் அந்த வளையத்தைத் தொடுவது வேறு.

வெளிநாட்டுக் கதையும் ஏறக்குறைய இதுதான். பால் முட்செடி என்கிற மில்க் திசில் விதையிலிருந்து எடுக்கும் சிலிமரின், 'லிவர் டானிக்' என்ற பெயரில் நம் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. அமெரிக்காவில் ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 154 பேரிடம், கடையில் பரிந்துரைப்பதைவிட அதிக அளவில் 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் வெளியான முடிவு: கல்லீரல் சேதத்தைக் காட்டும் என்சைம் அளவில் வெற்று மருந்தோடு ஒப்பிட வித்தியாசம் இல்லை.

சரி, பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே என்று கேட்பார்கள். கல்லீரல் விஷயத்தில் இந்தக் கேள்வியை அவ்வளவு லேசாக விட முடியாது. நாம் விழுங்குவதில் பெரும்பகுதி குடலிலிருந்து போர்ட்டல் சிரை என்ற ரத்தக்குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அங்கே என்சைம்கள் அதை உடைத்துக் கரையும்படி ஆக்குகின்றன. உடைக்கும்போது சில சமயம் பழைய பொருளைவிடக் கொடிய துண்டுகள் பிறக்கும். அவற்றை அடக்கக் கல்லீரலிடம் குளுட்டாதயோன் என்ற இருப்பு உண்டு. ஏற்கெனவே வீங்கிக் கிடக்கும் கல்லீரலிடம் அந்த இருப்பு குறைவாக இருக்கும். மாத்திரையோ மூலிகையோ, அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

கோவிட் காலத்தில் சீந்தில் கொடிச் சாறு எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று வீட்டுக்கு வீடு குடித்தார்கள். 2021-இல் மும்பை மருத்துவர்கள் அதைக் குடித்த 6 பேருக்குக் கல்லீரல் பாதித்ததாக எழுதினார்கள். அது வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அடுத்த ஆண்டு நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 பேரின் விவரம் வெளியானது. பலருக்கு, உடலின் எதிர்ப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்கும் வகைப் பாதிப்பு. எதிர்ப்பாற்றலைத் தூண்ட வேண்டும் என்று குடித்தது, தூண்டியது. யாரைத் தாக்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை, அதைத் தாராளமாகச் சாப்பிடலாம். மஞ்சளிலுள்ள குர்குமின் ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் ஏறும். பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-இல், மிளகின் காரப் பொருளான பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது அது 20 மடங்கு ஏறுவதைக் கண்டார்கள். எப்படி ஏறுகிறது? குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டி வெளியேற்றும் வேலையைப் பைப்பரின் மந்தப்படுத்துகிறது. கழிவை வெளியேற்றக் கல்லீரல் நம்பியிருக்கும் ஒரு வழியைக் குறுக்கித்தான் அந்தக் கேப்சூல் பலம் பெறுகிறது. இப்படிப்பட்ட மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதித்த 10 பேரைப் பற்றி 2022-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்களில் 7 பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. அது தன்னிடம் இருக்கிறதா என்று கேப்சூல் வாங்கும் யாருக்குத் தெரியும்?

பாதிப்பு இன்னொரு பக்கமும் வரும். ஹெபடைடிஸ் சி-யை இன்று 12 வாரம் மாத்திரை சாப்பிட்டு நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாக்க முடிகிறது. மேலைநாடுகளில் மனச்சோர்வுக்குச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை, குடலிலுள்ள ஒரு பம்பை முடுக்கிவிட்டு அந்த மாத்திரையை வெளியே தள்ளிவிடும். மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் வைரஸ் பிழைத்துக்கொள்ளும். இரும்புச் சத்து டானிக்கையும் கல்லீரல் நோயாளி தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. கூடுதல் இரும்பு அங்கேயே போய்ப் படியும். கல்லீரலுக்கு நல்லது என்று ஓரளவு தெம்பாகச் சொல்ல முடிகிற ஒன்று காபிதான். தினமும் குடிப்பவர்களுக்குக் கல்லீரல் சுருக்கம் குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன.

அதனால் வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால், அம்மியை எடுப்பதற்கு முன் ரத்தம் எடுங்கள். என்ன சாப்பிடுகிறோம் என்பதை, பாட்டி கொடுத்ததையும் சேர்த்து, மருத்துவரிடம் சொல்லுங்கள். பி என்று வந்தால் வைரஸை அடக்கி வைக்கும் மாத்திரைகள் அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

என் தங்கைக்குப் பெண் பிறந்த அன்று நான் மருத்துவமனையில்தான் இருந்தேன். பிறந்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. நர்ஸ் வந்து துணியை விலக்கி, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத அந்தத் தொடையில் ஒரு ஊசி போட்டார். குழந்தை ஒரே ஒரு முறை வீறிட்டு அழுதுவிட்டு மறுபடி தூங்கிவிட்டது. என்ன ஊசி என்று என் அம்மா கேட்டார். "காமாலை ஊசிம்மா" என்றார் நர்ஸ். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. புளும்பெர்க் கண்ட அதே மேலுறைப் புரதம்தான் அந்தச் சிறிய குப்பிக்குள் இருந்தது.