வாய்க்கால் பார்த்த மட்டம்

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்ததிலிருந்து, வெளியே கிளம்பலாம் என்றாலே எனக்கு முதலில் தரைதான் ஞாபகம் வருகிறது. கோயில் என்றால் படி. சந்தை என்றால் சேறும் சாக்கடை மூடியும். மகளுக்கோ சைக்கிள் ஓட்ட லாரி வராத இடம் வேண்டும். இரண்டு பேருக்கும் ஒத்துவந்தது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கிளை வாய்க்காலின் கரை. பழைய மண் தடத்தில் சிமெண்ட் போட்டு மூன்று மீட்டர் அகலத்துக்குப் பாதையாக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல்லும் பனையும்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். ஒரு கிலோமீட்டர் தள்ளியும் எனக்கு மூச்சு வாங்கவில்லை. எங்கள் வீட்டு வாசல் சாய்தளத்தில் பத்தடி ஏற்றினாலே நாக்குத் தள்ளிவிடும். சிமெண்ட் வழுவழுப்பாக இருக்கிறது என்பது பாதிக் காரணம்தான். மீதியை அந்த வாய்க்கால் எப்போதோ செய்து முடித்துவிட்டது.

கணக்கு எளிது. சரிவில் ஒரு வண்டியை ஏற்ற எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை, அதன் எடையைச் சரிவு விகிதத்தால் வகுத்தே கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். அம்மாவும் நாற்காலியும் சேர்ந்து 75 கிலோ. 2021-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் சாய்தளத்துக்கு அனுமதிக்கும் உச்சச் சரிவு 12-க்கு 1. அதாவது ஓரடி ஏற 12 அடி நீளம். அதில் ஏற்ற 6 கிலோவுக்கு மேல் தள்ள வேண்டும். 20-க்கு 1 என்றால் 3¾ கிலோ. (தள்ளுகிறவர் தன் உடம்பையும் மேலே ஏற்றியாக வேண்டும். அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.)

சரி, வாய்க்கால் கரைக்கு வருவோம். மண் வாய்க்கால்களின் சரிவு 5,000-க்கு 1 என்ற அளவில் இருப்பது சாதாரணம். 75 கிலோவை 5,000-ஆல் வகுத்தால் 15 கிராம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையின் எடை!

ஏன் இவ்வளவு குறைவாக வைக்கிறார்கள்? தண்ணீர் வேகமாக ஓடினால் கரையை அரிக்கும். மெதுவாக ஓடினால் கொண்டுவரும் வண்டலைக் கீழே போட்டுவிடும். அப்புறம் வருடா வருடம் தூர் வார வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் உண்டு. பஞ்சாபில் அப்பர் பாரி தோவாப் வாய்க்காலில், அரிக்காமலும் தூராமலும் பல வருடம் நிலையாக ஓடிய பகுதிகளைத் தேடி அளந்தார் கென்னடி என்ற பொறியாளர். அந்த நடு வேகம் தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்தது என்று 1895-ல் ஒரு சூத்திரமும் சொன்னார். அவர் கணக்குப்படி இடுப்பளவு ஆழத்துக்கு நொடிக்குச் சுமார் அரை மீட்டர். வேகத்தை அப்படிக் கட்டிப்போட வேண்டுமானால் சரிவையும் கட்டிப்போட்டாக வேண்டும்.

மகள் அதைச் சோதித்தும் பார்த்தாள். ஒரு பூவரச இலையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, செல்போனில் நொடி எண்ணிக்கொண்டே கரையில் கூடவே நடந்தாள். சிமெண்ட் பலகைகள் ஒவ்வொன்றும் நான்கு மீட்டர். பத்துப் பலகை கடக்க இலைக்கு 67 நொடி ஆனது. நொடிக்கு 60 சென்டிமீட்டர். மேல்மட்டத் தண்ணீர் எப்போதும் கொஞ்சம் வேகமாகவே போகும். அடியிலும் ஓரத்திலும் மண் இழுத்துப் பிடிக்கும். அதற்காக ஆறில் ஒரு பங்கைக் கழித்தால் அரை மீட்டர். கென்னடியைக் கேள்விப்படாத பிள்ளைக்கு அவர் சொன்ன விடையே வந்துவிட்டது.

இந்த ஊர்த் தண்ணீர் ஆனைமலையிலிருந்து வருகிறது. ஆழியாறாக இறங்கி, மணக்கடவு தாண்டிக் கேரளத்துக்குள் சித்தூர்ப்புழையாகிறது. மூலத்தரையில் தடுத்து வாய்க்கால்களில் திருப்பிவிடுகிறார்கள். 1970-ல் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு வருடம் 7.25 டி.எம்.சி. தர வேண்டும். எங்களூரில் டீக்கடைப் பேச்சில் பாதி இதுதான். ஆறு தன் இஷ்டத்துக்குப் பள்ளம் பார்த்து ஓடும். வாய்க்கால் அப்படி இல்லை. முடிந்தவரை உயரத்தை இழக்காமல் மேட்டு நிலம் வரை போய்ச் சேர வேண்டும். அதனால்தான் நேராகப் போகாமல் சம உயரத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகிறது. யாரோ ஒரு பொறியாளர் வெயிலில் நின்று பயிருக்காக மட்டம் பார்த்தார். அந்த மட்டம் இன்றைக்கு அம்மாவின் சக்கரத்துக்கும் உதவுகிறது.

ஆனால் நிலம் எப்போதும் 5,000-க்கு 1 என்று அடக்கமாகச் சரிவதில்லை. சட்டென்று இறங்கும் இடத்தில் வாய்க்காலுக்கே ஒரு படி கட்டி, தண்ணீரை அங்கே விழவைத்து, மறுபடி மெதுவாக ஓடவிடுவார்கள். சலசலவென்று சத்தம் கேட்டாலே படி வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். பாதையும் அங்கே இறங்கித்தானே ஆக வேண்டும்? அங்கேதான் எங்களுக்கு வந்தது வினை.

படியின் உயரம் ஒரு மீட்டர் இருக்கும். 12-க்கு 1 என்றால் பாதையை 12 மீட்டருக்கு நீட்டியிருக்க வேண்டும். யாருக்கு என்ன அவசரமோ, ஐந்தே மீட்டரில் இறக்கிவிட்டார்கள். 75-ஐ 5-ஆல் வகுத்துப் பாருங்கள்: 15 கிலோ. வாய்க்காலோரம் மூன்று டீஸ்பூன் சர்க்கரையாக இருந்தது, இங்கே பதினைந்து கிலோ அரிசியாகிவிட்டது. போகும்போது இறக்கம், நாற்காலி என்னை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. தட்டுத் தடுமாறிப் பிடித்து நிறுத்தினேன்.

திரும்பும்போது ஏற்றம். அதன் அடியில் சாய்தளமும் பாதையும் சேரும் இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் தூக்கல் வேறு. நாற்காலியின் சின்ன முன் சக்கரம் அதில் முட்டி நின்றது. மறுபடி தள்ளினேன். அம்மா முன்னால் சரிந்ததுதான் மிச்சம்.

எதிரே கள்ளுக் கேன் இரண்டைக் கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர் நின்றார். "ஏனுங்க்கா, திருப்பிப் புடிச்சு பின்னால இழுங்க. பெரிய சக்கரம் மொதல்ல ஏறட்டும்" என்றார். திருப்பினேன், இழுத்தேன், ஏறிவிட்டது.

இதிலும் கணக்கு இருக்கிறது. சக்கரம் ஒரு தடையில் முட்டும்போது, தடையின் விளிம்பைச் சுற்றி உருண்டு மேலே வர வேண்டும். முன் சக்கரத்தின் ஆரம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் 2 சென்டிமீட்டர் தடையை ஏற, அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கும் எடையில் முக்கால் பங்கு விசையால் தள்ள வேண்டும். பின் சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டர். அதே தடைக்கு ஐந்தில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகவே போதும். ஏறக்குறைய பாதி. மகளின் சைக்கிள் அந்தத் தூக்கலை டொக்கென்று தாண்டியதும் இதனால்தான். கேன்காரருக்கு இந்தச் சூத்திரம் எல்லாம் தேவைப்படவில்லை. தளும்பும் பாரத்தைத் தினமும் உருட்டுகிற கைக்கு அது தெரியும்.

அதே காரணத்தால், சிமெண்ட் பலகைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளும் சின்னச் சக்கரத்துக்குத்தான் எதிரி. இடைவெளியே விடாமலும் போட முடியாது. சிமெண்ட் இறுகும்போது சுருங்கும், வெயிலில் விரியும். 100 மீட்டர் நீளம் 20 டிகிரி சூடேறினால் இரண்டு சென்டிமீட்டர் வரை நீளும். கோடு போட்டு வெட்டி விடாவிட்டால் தானாகவே கோணல்மாணலாக வெடிக்கும். வெட்டு குறுகலாக இருந்தால் சரி. அதற்குள் பூவரச வேர் புகுந்து பலகையைத் தூக்கினால்தான் வம்பு.

இன்னொன்றும் கவனித்தேன். பாதை குறுக்குவாட்டில் கொஞ்சம் சரிந்திருந்தது, வயல் பக்கமாக. மழைத் தண்ணீர் தேங்காமல் வழிய அது வேண்டும். 50-க்கு 1 போதும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவரின் எடை பின் சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் விழும். முன் சக்கரங்களோ எந்தப் பக்கமும் சுழலும். அதனால் குறுக்குச் சரிவில் வண்டியின் மூக்கு மெல்லப் பள்ளத்தை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும், நாம் ஒரு கையால் அழுத்திச் சரிசெய்துகொண்டே போக வேண்டும். இந்தப் பாதையில் அது வயலைப் பார்த்து இழுத்தது. தண்ணீர்ப் பக்கம் சரித்திருந்தால் நான் இரண்டாம் முறை வந்திருக்க மாட்டேன்.

மகளுக்கு வேறொரு குறை. போகும்போது பறந்தவள், திரும்பும்போது முக்கினாள். தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து காற்று அடிக்கும். நாங்கள் போனது மேற்கே. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். 10 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவளுக்கு 10 கிலோமீட்டர் எதிர்காற்று அடித்தால், அவள் உடம்புக்கு அது 20. காற்றில்லாத நாளைவிட நான்கு மடங்கு எதிர்ப்பு. "அம்முச்சி, நீங்க எனக்கு முன்னால போங்க, நான் மறைஞ்சுக்கறேன்" என்றாள் பாட்டியிடம். சைக்கிள் பந்தயக்காரர்கள் செய்வது அதுதான். ஆனால் நான் தள்ளும் வேகத்துக்கு அதில் ஒன்றும் மிச்சமாகாது.

பனை நிழலில் கொஞ்சம் நின்றோம். நான் நாற்காலியின் கைப்பிடியை விட்டேன், பிரேக் போடவில்லை. நல்ல சிமெண்டில் உருளும் சக்கரத்தைத் தடுக்கும் இழுப்பு எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்காவது இருக்கும். 75 கிலோவுக்கு அது முக்கால் கிலோ. எதிரே சரிவு வெறும் 15 கிராம். அசையாது என்று அம்மாவிடம் விளக்கினேன்.

"காத்து வருது பாரு, பிரேக்கப் போடு" என்றார் அம்மா.

உட்கார்ந்திருக்கும் ஒருவர் மேல் 20 கிலோமீட்டர் வேகக் காற்று மோதினால் அந்தத் தள்ளல் ஒரு கிலோவைத் தாண்டும். பிரேக்கைப் போட்டேன்.