டேப்லெட்தான் டிவி என்றால், பலகையில் ஏற்றி வையுங்கள்

போன மாதம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு அம்மா தன் மகளைக் கண் பரிசோதனைக்கு என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. "போர்டுல எழுதுறது தெரியலைன்னு சொல்றாள்னு மிஸ் சொல்லிவிட்டாங்க சார். ஆனா வீட்டுல டிவியெல்லாம் நல்லாத்தான் பாக்குறா" என்றார். பரிசோதித்ததில் வலது கண் மைனஸ் 1.75, இடது கண் மைனஸ் 1.5. நேற்று இன்று வந்த பவர் இல்லை இது.

"டிவியை எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பாள்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கி, "டிவின்னா டிவி இல்லைங்க சார், டேப்தான்" என்றார்.

ஒரு ரூம், ஒரு சமையலறை. பழைய டிவி இடி மின்னலில் போய்விட்டது. ஆன்லைன் வகுப்புக்காகத் தவணையில் வாங்கிய பத்து அங்குல டேப்லெட் சும்மா கிடந்தது. வைஃபை இருக்கிறது, சீரியல், கிரிக்கெட், கார்ட்டூன் எல்லாம் அதிலேயே வருகிறது. கேபிள் காசும் மிச்சம். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சேலத்தில் சின்ன வீட்டுக்காரர்கள் பலர் இப்படித்தான் இருக்கிறார்கள், அது புத்திசாலித்தனமான ஏற்பாடும்கூட.

என் கவலை வேறு. மைனஸ் 1.75 பவர் உள்ள கண்ணுக்கு சுமார் 57 சென்டிமீட்டர் வரை எல்லாம் பளிச்சென்று தெரியும், அதற்கு மேல் மங்கும். டேப்லெட்டை அந்தப் பிள்ளை பார்ப்பது ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில். அப்படியென்றால் அவள் வீட்டில் அவள் கண்ணின் குறையைக் காட்டிக்கொடுக்கும் பொருள் ஒன்றுகூட இல்லை.

பதினெட்டு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். முன்பெல்லாம் பெற்றோர் ஒரே புகாரோடு வருவார்கள்: "டிவிக்கு முன்னால போய் நின்னுக்குறான் சார், எவ்வளவு திட்டினாலும் தள்ளி உக்கார மாட்டேங்குறான்." கிட்டே போய்ப் பார்ப்பதால்தான் கண் கெட்டது என்று அவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் நடந்தது தலைகீழாக: தூரத்தில் தெரியாததால்தான் பிள்ளை கிட்டே போயிருப்பான். காரணத்தை மாற்றிப் புரிந்துகொண்டாலும், சரியான நேரத்துக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். அந்த டிவிப் பெட்டி, வீட்டுக்குள் இருந்த இலவசக் கண் பரிசோதனைக் கருவி. 2006-இல் ஆட்சிக்கு வந்த அரசு வீடு வீடாகக் கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சியும் 14 அங்குலம்தானே? திரை சின்னதுதான், ஆனால் அலமாரியை விட்டு நகராது. பார்க்கிற ஆள்தான் நகர வேண்டும். நகர்ந்தால் வீடே கவனிக்கும்.

டேப்லெட் பார்க்கிறவரின் மடிக்கே வந்துவிடுகிறது. "தள்ளி உக்காரு" என்று சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை, ஏனென்றால் எல்லோருமே கிட்டேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த அம்மாவிடம், இரவு எல்லோரும் பார்க்கும்போது பின்னால் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். தரையில் அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த டேப்லெட். அதற்கு முன்னால் வயிற்றில் படுத்துக்கொண்டு, முகவாயைக் கையில் ஏந்திய பிள்ளை. அவள் முதுகுக்குப் பின்னால் தட்டில் தட்டுவடை செட், அப்பாவின் கை மட்டும் தெரிகிறது. ஓரத்தில் அம்மாயி (அம்மாவின் அம்மா), மோவாயைத் தூக்கி, மூக்குக் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்க முயன்றுகொண்டு. ட்யூப்லைட் அணைத்திருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் சார்ஜர் வயர் கண்ணில் பட்டது. சுவரின் கீழே இருக்கும் ப்ளக்கிலிருந்து விறைப்பாக இழுத்துக்கொண்டு ஒரு மீட்டர் வயர். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை அந்த வீட்டில் அந்த வயர்தான் முடிவு செய்கிறது! டப்பாவை நகர்த்த முடியாது, நகர்த்தினால் சார்ஜ் போய்விடும். எனவே குடும்பமே ப்ளக்கைச் சுற்றிக் குவிகிறது.

இரண்டாவது, சத்தம். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. உள்ளே ஃபேன், சமையலறையில் குக்கர். டேப்லெட்டின் குட்டி ஸ்பீக்கர் இதற்கெல்லாம் எடுபடாது. அம்மாயி கிட்டே நகர்ந்தது கண்ணுக்காக இல்லை, காதுக்காக. இதை நானே ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். கண் டாக்டர்கள், கண்ணாடிக்காரர்கள் நாங்கள் எல்லோரும் தூரம் தூரம் என்று கத்துகிறோம், வசனம் கேட்காதவர் எப்படித் தள்ளி உட்காருவார்?

சரி, எவ்வளவு தூரம்? எட்டு அடி தள்ளி உட்கார்ந்து 32 அங்குல டிவியைப் பார்க்கும்போது படம் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அதே அளவுக்குப் பத்து அங்குல டேப்லெட் தெரிய இரண்டரை அடி போதும். தியேட்டர் மாதிரி பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில்தான் இன்னும் கிட்டே போகிறோம். கிட்டே போகப் போகக் கண்ணின் உள்ளே இருக்கும் தசைக்கு வேலை கூடும். எட்டு அடியில் அது போட வேண்டிய பவர், கண்ணாடிப் பவர் கணக்கில், அரைக்கும் கீழே. இரண்டரை அடியில் ஒன்றேகால் சொச்சம். கால் மீட்டரில் முழுசாக நான்கு. ஒரு பாட்டு பார்க்கிற நேரம் என்றால் ஒன்றுமில்லை, மூன்று மணி நேரம் என்றால் யோசித்துப் பாருங்கள். கூடவே, திரையை உற்றுப் பார்க்கும்போது இமை கொட்டுவது பாதியாகக் குறைந்துவிடும். பிள்ளைகள் கண்ணைக் கசக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவு நாடா வைத்து அளக்கச் சொன்னால் யாரும் அளப்பதில்லை. அதனால் பூக்காரம்மா அளக்கிற மாதிரி முழம் போடச் சொல்லிவிடுகிறேன். பெரியவர் கையால் இரண்டு முழம், அதற்குள் யாருடைய முகமும் வரக்கூடாது. டேப்லெட்டைச் சுவரில் ஒரு பலகை அடித்து, உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்படி வையுங்கள். வயரை இரண்டு மீட்டராக மாற்றுங்கள். ஜன்னலுக்கோ ட்யூப்லைட்டுக்கோ நேர் எதிராக வைத்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும், பக்கவாட்டில் வையுங்கள், ஆனால் விளக்கை அணைக்காதீர்கள். காது மந்தமானவர் பக்கத்தில் ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர். இவ்வளவுதான் செலவு. (நாள் முழுக்கச் சார்ஜிலேயே கிடக்கும் டேப்லெட்டின் பேட்டரி உப்பிவிடலாம். பின்மூடி புடைத்திருந்தால் உடனே நிறுத்திவிட்டு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போங்கள். என் துறை இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இரண்டு முழம் ஒரு சங்கடமான தூரம். இரண்டு பாகக் கண்ணாடியில் மேல்பாகம் தெருவுக்கு, கீழ்பாகம் பேப்பர் படிக்க. நடுவில் இருக்கிற டேப்லெட் இரண்டிலும் சரியாக விழாது. கழுத்துவலி என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கும் அம்மாயிகளில் சிலருக்கு வேண்டியது இந்த இடைத்தூரத்துக்கு ஒரு தனிக் கண்ணாடி. விழித்திரை பாதித்துப் பார்வை குறைந்த முதியவர் விஷயம் வேறு: அவர் டேப்லெட்டை மூக்கருகே பிடித்துப் பார்த்தால் பார்க்கட்டும், அவருக்கு அது வரப்பிரசாதம்.

நீலவெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா என்று வாரத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட தொகுப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கண் களைப்பைக் குறைப்பதில் சாதாரணக் கண்ணாடிக்கும் இதற்கும் அநேகமாக வித்தியாசம் இல்லை என்றுதான் வந்தது. அந்தக் காசில் பலகை அடியுங்கள்.

ஏற்காட்டிலிருந்து ஒரு பையன் வந்தான், காபி எஸ்டேட் குடியிருப்பில் வீடு. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்ததில் பாதி வாந்தி, பாதி தூக்கம். அவன் வீட்டிலும் டேப்லெட்தான் எல்லாம். எதிர்ச் சரிவில் இருக்கிற மரங்கள் தெரியவில்லை என்று எப்போதோ சொல்லியிருக்கிறான். "பனிடா" என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். மலையில் பனிக்கா பஞ்சம்? கண்ணாடி போட்டு வாசலில் நிறுத்தினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மருந்துக் கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இங்க பனி இல்லைப்பா" என்றான். அவன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

டிவி செய்த வேலையை இனி நீங்கள்தான் செய்ய வேண்டும். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, வருகிற பஸ்ஸின் போர்டை உங்களுக்குத் தெரிந்ததும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, பிறகு அடுத்த கண்ணை. ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் இரண்டு கண்ணும் திறந்திருக்கையில் பிள்ளைக்கே தெரியாது. சந்தேகம் இருந்தால் கூட்டிவாருங்கள், இல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை. பள்ளியில் கண் பரிசோதனை நடக்கும் நாளில் பிள்ளைக்கு லீவு போடாதீர்கள்.

எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்ற கேள்விக்கு, ஐந்து வயதுக்குக் கீழே என்றால் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கு நான் நேரத்தைவிட வெயிலைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே இருக்க வைக்கும் திட்டம் நடக்கிறது. அதுவரை வருடா வருடம் ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைபாடு அதன்பின் இறங்கத் தொடங்கியது. நம் ஊரில் வெளிச்சத்துக்கு என்ன குறை? மே மாதத்தில் வேண்டுமானால் காலை, மாலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அம்மாபேட்டைப் பிள்ளையின் பவர் இறங்காது. ஏறுகிற வேகத்தைக் குறைக்கத்தான் பார்க்க வேண்டும், ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் அவள் அம்மா இன்னொரு படம் அனுப்பினார். பலகை ஏறிவிட்டது, வயரும் மாறிவிட்டது, விளக்கு எரிகிறது. பிள்ளை கண்ணாடியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அம்மாயி புது ஸ்பீக்கரை வெற்றிலைப் பெட்டி மாதிரி மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். யாருக்கும் தருவதில்லையாம்.