சுடர் அடங்கிய பிறகுதான் புகைபோக்கியைக் கவனிக்க வேண்டும்

"அடுப்பைப் பற்றவைத்தால் வீடெல்லாம் புகை" என்றுதான் பெரும்பாலும் என்னைக் கூப்பிடுவார்கள். கண் எரியும், இருமல் வரும், உடனே ஆள் தேடுவார்கள். அது நல்லதுதான். ஆனால் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கணப்பு அடுப்புகளுக்குப் புகைபோக்கி பொருத்துவதும் சோதிப்பதும் என் வேலை என்பதால், எனக்குக் கவலை தரும் நேரம் வேறு. எல்லோரும் தூங்கிய பிறகு, சுடர் அடங்கி, தணல் மட்டும் கனன்றுகொண்டிருக்கும் பின்னிரவு அது. அப்போது புகையும் இருக்காது, கண்ணும் எரியாது. கார்பன் மோனாக்சைடு மட்டும் உருவாகிக்கொண்டிருக்கும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும்.

புகைபோக்கிக்குள் விசிறி எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் வாயு சூடாகி லேசாகிறது. வெளிக்காற்று குளிர்ந்து கனமாக நிற்கிறது. அந்த எடை வித்தியாசம்தான் இழுப்பு. வெளியே 0 டிகிரி, குழாய்க்குள் சராசரியாக 200 டிகிரி செல்சியஸ், உயரம் 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி 25 பாஸ்கலுக்குச் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு) சற்று மேலே இழுப்பு கிடைக்கும். சாதாரண விறகு அடுப்பு ஒழுங்காக எரிய ஏறக்குறைய 12 பாஸ்கல் போதும். அதே குழாய் 50 டிகிரிக்கு ஆறிவிட்டால் இழுப்பு 10 பாஸ்கலைக்கூடத் தொடாது. நெருப்பு இன்னும் இருக்கிறது, அதன் வாயுவை வெளியே இழுக்கும் வலு போய்விட்டது. இறுக்கமாக மூடிய வீட்டில், காற்றை வெளியே தள்ளும் சமையலறை விசிறியைப் போட்டாலே காற்று குழாய் வழியாகத் திரும்பி உள்ளே இறங்கும். மாடியில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தாலும் சிக்கல்தான்: சூடான காற்று அந்த வழியாக வெளியேற, வீடே பெரிய புகைபோக்கியாக மாறி, உண்மையான புகைபோக்கியோடு போட்டி போடும்.

இதற்கு மேல், தணல் விடியும்வரை தாங்கட்டும் என்று படுக்கப்போகும்போது அடுப்புக்குள் காற்று வரும் வழியையும், குழாயை அடைக்கும் தகடான டேம்பரையும் முழுக்க மூடிவிடுவார்கள். கரி முழுதாக எரிய ஆக்சிஜன் இல்லை, வந்த வாயு வெளியே போக வழியும் இல்லை. நிலக்கரி எரிப்பவர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். நிலக்கரிக்கு இடைவிடாத, வலுவான இழுப்பு தேவை; மணிக்கணக்கில் கனலும். டேம்பரை முழுக்க மூடி வைத்துத் தூங்கவே கூடாது.

ஆகவே ஒரு வீட்டுக்குள் போனதும் நான் முதலில் பார்ப்பது, குழாய் எவ்வளவு சீக்கிரம் ஆறும் என்பதைத்தான். வெளிச்சுவரை ஒட்டி மூன்று பக்கமும் குளிரில் நிற்கும் புகைபோக்கி வேகமாக ஆறும். வீட்டுக்குள்ளேயே மேலேறிக் கூரையைத் துளைத்துப் போவது சூட்டைக் காக்கும். வெளியேதான் வைக்க முடியும் என்றால் இரட்டைச் சுவருள்ள, வெப்பக்காப்பிட்ட குழாயாக இருக்கட்டும். அடுத்தது அகலம். பழைய பெரிய கணப்பு மாடத்துக்குக் கட்டிய அகலமான செங்கல் புகைபோக்கியில் சின்ன அடுப்பைச் சொருகிவிடுவது அடிக்கடி காணும் தவறு. வாயு அதற்குள் பரவி, மெதுவாகி, ஆறிப்போகும். அடுப்பின் வாயளவுக்கே ஒரு எஃகு உட்குழாயை மேல்வரை இறக்கினால் அந்தச் செலவு வீண்போகாது.

அடுப்பிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் இணைப்புக் குழாய் குட்டையாக இருக்க வேண்டும். மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது மேல்நோக்கிச் சரிய வேண்டும், 90 டிகிரி வளைவு (எல்போ) இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு மூட்டிலும் மூன்று திருகு. ஒற்றைச் சுவர்க் குழாயிலிருந்து மரச்சட்டம், திரை போன்றவை 46 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். கூரைக்கு மேலே, துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 90 சென்டிமீட்டராவது உயரம் வேண்டும். சுற்றி 3 மீட்டருக்குள் இருக்கும் எதைவிடவும் 60 சென்டிமீட்டர் உயர்ந்தும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றடிக்கும் நாளில் புகை கீழே தள்ளப்படும்.

ஆறும் குழாயால் வரும் இன்னொரு கேடு தார்ப்படிவு. ஈர விறகின் புகை குளிர்ந்த சுவரில் படிந்து கிரியோசோட் ஆகிறது. பச்சை மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீராக இருக்கலாம்; அதை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவராமல் எரிக்கக் கூடாது. ஈரமானி விலை அதிகமில்லை. கட்டையைப் பிளந்து, புதிதாகத் திறந்த உட்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படிவு கண்ணாடிபோல் மினுங்கினால் தூரிகைக்கு மசியாது, தொழில் தெரிந்தவர்தான் எடுக்க வேண்டும். அது தீப்பிடித்தால் குழாய்க்குள் 1000 டிகிரியைத் தாண்டும், பேரிரைச்சல் கேட்கும். காற்று வழியை மூடிவிட்டு எல்லோரும் வெளியேறித் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். புகைபோக்கிக்குள் தண்ணீர் ஊற்றினால் உட்சுவர் வெடித்துவிடும்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்யுங்கள், குழாய் உச்சியை மூடும் கேப்பில் உள்ள வலையையும் சேர்த்து. புகைக்கரியை வெறுங்கையால் தொட வேண்டாம். புகைபோக்கி துடைத்தவர்களுக்கு வந்த புற்றுநோயை லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-லேயே எழுதிவைத்தார். இருந்தும் முகமூடியில்லாமல் இந்த வேலை செய்பவர்களை இன்றும் பார்க்கிறேன், மனம் பொறுக்கவில்லை.

குளிர்ந்த அடுப்பைப் பற்றவைக்கும் முன், ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அதன் புகையை அடுப்பு வாயில் காட்டுங்கள். உள்ளே போனால் சரி. முகத்துக்கு வந்தால் விசிறிகளை நிறுத்தி, கீழ்த்தளத்து ஜன்னல் ஒன்றைத் திறந்து, கசக்கிய காகிதத்தைக் குழாயின் அடிவாயில் எரித்துக் குழாயைச் சூடாக்குங்கள். இதே சோதனையைத் தணல் நிலையிலும் ஒருநாள் செய்து பாருங்கள், சமையலறை விசிறியை ஓடவிட்டு. அப்போது புகை அறைக்குள் வந்தால், இரவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

படுக்கையறைக்கு அருகில் ஒரு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும். புகைக்கான கருவி இதற்கு உதவாது. உணரி சில ஆண்டுகளில் செயலிழக்கும், பின்பக்கத்தில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பாருங்கள். அது கத்தினால் காரணம் தேடி நிற்காமல் எல்லோரும் வெளியே வந்து அவசர உதவியைக் கூப்பிடுங்கள். தலைவலி, குமட்டல், தலைசுற்றலோடு மருத்துவமனைக்குப் போனால் வீட்டில் கணப்பு அடுப்பு எரிந்ததை முதலில் சொல்லிவிடுங்கள். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தமாகவே காட்டும்; தனியாக ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.